காற்றின் கணக்கு – 7: 112ஆவது எச்சரிக்கை

1949 செப்டம்பர் 3. ஜப்பானின் மிசாவா தளத்திலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானப்படையின் டபிள்யூபி-29 விமானம் ஒன்று அலாஸ்காவின் ஐயல்சன் தளத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. வானிலை பார்க்கும் விமானம் என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட காரணம். அதன் முதுகில் ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. எதிர்க்காற்று அதற்குள் நுழைந்து, வடிதாள் ஒன்றின் வழியாக வெளியேறும். காற்றிலிருக்கும் தூசி தாளில் தங்கிவிடும். கம்சாட்காவுக்குக் கிழக்கே, சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் அந்தத் தாள் மூன்று மணி நேரம் காற்றை வடிகட்டியது. தரையிறங்கியதும் அதைக் கதிர்வீச்சு எண்ணும் கருவியின் அடியில் வைத்தார்கள். நிமிடத்துக்கு 85 துடிப்புகள். 50ஐத் தாண்டினாலே எச்சரிக்கை விடவேண்டும் என்பது விதி. அடுத்த தாளில் 153.

இது 112ஆவது எச்சரிக்கை. இதற்கு முன் வந்த 111ம் எரிமலை, நிலநடுக்கம், இயற்கைக் கதிர்வீச்சு என்று ஏதோவொரு காரணம் காட்டி மூடப்பட்டவை. அதனால் இதையும் முதலில் யாரும் நம்பிவிடவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் பசிபிக் வடக்கில் பறந்த விமானங்கள் எல்லாம் கதிர்வீச்சால் ‘சூடான’ தாள்களோடு திரும்பத் தொடங்கின.

சென்ற இதழில் பென்சில்வேனியாவின் டோனோரா பள்ளத்தாக்கில் நின்றிருந்தோம். 1948 அக்டோபரின் கடைசி நாட்களில் துத்தநாக ஆலையின் புகை மேலே போக வழியில்லாமல் ஊர்மீதே கவிந்து 20 பேரைக் கொன்ற கதை அது. காற்று ஒரே இடத்தில் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை அமெரிக்க அரசு அங்கே பார்த்தது. அதே 1948இல்தான் அமெரிக்க வானிலைப் பணியகத்துக்குள் சிறியதொரு பிரிவு தொடங்கப்பட்டது. சிறப்புத் திட்டப் பிரிவு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து அதன் வேலையை யாரும் ஊகிக்க முடியாது. ஊகிக்கக் கூடாது என்றே அந்தப் பெயர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, நகர்ந்துகொண்டே இருக்கும் காற்று எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று சொல்வது.

பிரிவின் தலைவர் லெஸ்டர் மாக்டா. நியூயார்க்கின் புரூக்ளினில் 1919இல் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் வானிலையியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இந்தப் பொறுப்புக்கு வந்தார். 1989இல் ஓய்வுபெறும்வரை, பிரிவின் பெயரும் அதன் தாய் நிறுவனத்தின் பெயரும் மாறிக்கொண்டே இருந்தபோதும், தலைமை இருக்கை அவருடையதாகவே இருந்தது. இன்று காற்று மாசு பற்றி ஆராயும் எவரும் அறிந்த காற்று வள ஆய்வகம் அந்தச் சிறிய பிரிவின் வளர்ச்சிதான். இத்தனைக்கும் அவர் பெயர் பொதுமக்களிடம் பரவியதே இல்லை. இந்தத் தொடரில் நான் சந்திக்கும் மனிதர்களிலேயே என் மதிப்பை மிக அதிகமாகப் பெற்றவர் அவர். ஏன் என்பது இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் தெரியும்.

அணுகுண்டைக் கண்டுபிடிக்க வானிலைக்காரர்கள் எதற்கு? 1947 செப்டம்பரில் தரைப்படைத் தளபதி ஐசனோவர், உலகில் எங்கே அணுகுண்டு வெடித்தாலும் தொலைவிலிருந்தே அறியும் பொறுப்பை விமானப்படைக்கு ஒப்படைத்தார். அறிய மூன்று வழிகள் இருந்தன: நிலத்தின் அதிர்வு, காற்றின் அழுத்த அலை, காற்றில் மிதக்கும் சிதைபொருள். 1948இல் எனிவெடாக் தீவில் நடத்திய சொந்தச் சோதனைகளின்போதே மூன்றையும் பரிசோதித்துப் பார்த்தார்கள். நெடுந்தொலைவுக்கு நம்பத்தக்கதாகத் தேறியது மூன்றாவது வழிதான். ஆனால் அதில் ஒரு சிக்கல். தூசி கிடைத்தால், குண்டு வெடித்தது என்று வேதியியலாளர் சொல்வார். சிதைந்துகொண்டிருக்கும் தனிமங்களின் விகிதத்தைக் கொண்டு எப்போது வெடித்தது என்றும் சொல்வார். எங்கே வெடித்தது என்று அவரால் சொல்ல முடியாது. அதைச் சொல்லவேண்டியது காற்றை அறிந்தவர்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இன்று தில்லிப் புகையின் மூலத்தைத் தேடுபவர்களும் அடிப்படையில் இதையேதான் செய்கிறார்கள். உலகெங்கும் வானிலை நிலையங்கள் நாள்தோறும் ரேடியோசோண்டே பலூன்களை விடுகின்றன. அவை மேலே போகப்போக வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை வைத்து ஒவ்வொரு உயரத்துக்கும் அழுத்த வரைபடம் தீட்டலாம். தரையின் உரசல் இல்லாத உயரத்தில் காற்று ஏறக்குறைய அந்த வரைபடக் கோடுகளின் போக்கிலேயே வீசும். கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் வேகம் கூடும். ஆகவே தூசி பிடிபட்ட இடத்தில் பென்சிலை வைத்து, அந்தந்த நேரத்து வரைபடத்தில் காற்றுக்கு எதிர்த்திசையில் சில மணி நேரத் தூரம் பின்னே போகவேண்டும். அங்கிருந்து முந்தைய வரைபடம். பிறகு அதற்கும் முந்தையது. ஆற்றில் மிதந்துவந்த சருகை எடுத்துப் பார்த்து, அது எந்தக் கரையின் மரத்திலிருந்து விழுந்தது என்று நீரோட்டத்தை எதிர்த்து நடந்துபோய்த் தேடுவது போன்ற வேலை இது. ஆறு ஒன்றாக இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆறுகள் வெவ்வேறு திசையில் ஓடினால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்டது வளிமண்டலம். 3,000 மீட்டரில் இருந்த தூசி ஒரு பக்கம் போயிருக்கும், 9,000 மீட்டரில் இருந்தது வேறு பக்கம். ஒவ்வொரு படியிலும் பிழை பெருகும். கணினி கைக்கு வராத காலம். எல்லாம் மேசைமேல் விரித்த தாள்களில், கையால்.

மாக்டாவின் குழு அப்படித்தான் பின்னோக்கி நடந்தது. இன்னொரு பக்கம், கடற்படை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் தாங்களாகவே அலாஸ்காவின் கோடியாக் தீவில் மழைநீரைச் சேகரித்து அதிலும் பிளவுத் தனிமங்களைக் கண்டார்கள். பிரிட்டனுக்குச் செய்தி சொல்லப்பட்டது. வட அயர்லாந்தின் ஆல்டர்குரோவிலிருந்தும் ஜிப்ரால்டரிலிருந்தும் எழுந்த விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்துவந்த அதே மேகத்தைத் தொட்டன. வேதியியலாளர்கள் கணித்த நாள் ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம். காற்றின் கணக்கு காட்டிய இடம் சோவியத் ஒன்றியத்தின் ஆசிய நிலப்பரப்பு. இடத்தைப் பொறுத்தவரை மிக அகன்ற வட்டம்தான். ஆனால் எந்த நாடு என்ற கேள்விக்கு அதில் ஐயமே இல்லை. குண்டு வெடித்தது ஆகஸ்ட் 29 காலை, கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் புல்வெளியில் என்பது பின்னால் உலகுக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 19 அன்று வானவர் புஷ் தலைமையில், ஓப்பன்ஹைமரும் இடம்பெற்ற நிபுணர் குழு ஆதாரங்களைப் பார்த்துவிட்டு, இது அணுகுண்டுதான் என்று உறுதி சொன்னது. அதற்கு அடுத்த நாளிட்ட அமெரிக்க மத்தியப் புலனாய்வு முகமையின் மதிப்பீட்டு அறிக்கையோ, சோவியத் குண்டு பெரும்பாலும் 1953 நடுவில்தான் வரும் என்றது. முகமையின் ஆட்கள் எல்லைகளுக்கு அப்பாலிருந்து கசியும் செய்திகளை நம்பியிருந்தார்கள். காற்று எந்த எல்லையிலும் அனுமதி கேட்பதில்லை. செப்டம்பர் 23 அன்று அதிபர் ட்ரூமன் சோவியத் ஒன்றியத்தில் அணுவெடிப்பு நிகழ்ந்ததற்கான சான்று தங்களிடம் இருப்பதாக அறிவித்தார். இரண்டு நாள் கழித்து டாஸ் செய்தி நிறுவனம், பெரிய கட்டுமானப் பணிகளுக்காக வெடிவைப்பது நடக்கிறது என்றும், அணு ரகசியம் தங்களிடம் 1947 முதலே உண்டு என்றும் பதில் சொன்னது.

அடுத்தவர் குண்டின் தூசியைத் தேடிக் கண்டுபிடித்த கதை இது. தன் குண்டின் தூசி எங்கே போகிறது என்ற கேள்வியை அமெரிக்க அரசிடம் முதலில் கொண்டுவந்து வைத்தது படச்சுருள் செய்யும் தொழில்.

1945 இலையுதிர்காலத்தில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்ரே படச்சுருள்களில் கழுவுவதற்கு முன்பே கரும்புள்ளிகள் விழுந்தன. ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் அதைத் துருவினார். குற்றம் படச்சுருளில் இல்லை. அதைப் பொதிந்த வைக்கோல் அட்டையில் இருந்தது. அந்த அட்டை இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் நகரில், வாபாஷ் ஆற்று நீரைப் பயன்படுத்தும் ஆலையில் 1945 ஆகஸ்ட் 6 அன்று செய்யப்பட்டது. வெப் அட்டையிலிருந்த பொருளின் அரை ஆயுளை அளந்தார்: சுமார் 32 நாள். சீரியம்-141. அணுப்பிளவில் பிறக்கும் தனிமம் அது. மூன்று வாரம் முன்னால், ஜூலை 16 விடியலில், நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ பாலைவனத்தில் வெடித்த உலகின் முதல் அணுகுண்டின் தூசி ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து, மழையோடு இறங்கி, ஆற்றில் கலந்து, அட்டைக்குள் போயிருந்தது. வெப் இதை 1949இல் இயற்பியல் ஆய்விதழில் வெளியிட்டார்.

1951 ஜனவரி 27 அன்று அமெரிக்கா தன் சொந்த மண்ணில், நெவாடா பாலைவனத்தில், சோதனைகளைத் தொடங்கியது. இரண்டு நாளில், கோடாக்கின் தலைமையகமான ரோசெஸ்டரில் பனி பெய்தது. நிறுவனத்தின் கருவிகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு கதிர்வீச்சைக் காட்டின. படச்சுருள் தயாரிப்பாளர் சங்கம் அணுசக்தி ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் இறங்கிவந்தது. சோதனை எப்போது, தூசி எந்தப் பக்கம் போகக்கூடும் என்ற விவரங்களைத் தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே தருவதாக ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. படச்சுருளுக்கு முன்னறிவிப்பு போனது. நெவாடாவுக்குக் கிழக்கேயும் வடக்கேயும், யூட்டாவிலும் ஐடஹோவிலும் மான்டானாவிலும் மாடு வளர்த்து, கறந்த பாலை அன்றன்றே குழந்தைகளுக்குக் கொடுத்த குடும்பங்களுக்குப் போகவில்லை. அணுத்தூசியில் இருக்கும் அயோடின்-131 புல்லில் விழும். புல்லிலிருந்து பாலுக்கு வரும். பாலிலிருந்து குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். அதன் அரை ஆயுள் எட்டே நாள். சில வாரம் பால் மாற்றிக் கொடுத்திருந்தால், அல்லது பாலைப் பாலாடைக்கட்டியாக்கி வைத்திருந்து பிறகு உண்டிருந்தால், பெரும்பகுதி ஆபத்து தானே கரைந்திருக்கும். எந்தத் திசைக்குத் தூசி போகிறது என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் அரசிடமே இருந்தார்கள். நெவாடா தூசியால் நாட்டு மக்களின் தைராய்டு பெற்ற அளவை, மாவட்டம் மாவட்டமாக, தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்டது 1997இல். அப்போது அந்தக் குழந்தைகள் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

தூசியை அளக்கும் வேலை மட்டும் நாடு முழுக்க நடந்தது. அணுசக்தி ஆணையத்தின் நியூயார்க் ஆய்வகத்தை மெரில் ஐசன்பட் நடத்திவந்தார். அவர்கள் கண்ட வழி மிக எளியது: ஒரு அடிச் சதுரத்தில் பசை தடவிய படலம். அதை ஒரு தாங்கியில் விரித்து வெட்டவெளியில் வைத்தால் விழும் தூசி ஒட்டிக்கொள்ளும். வைப்பதற்கு இடம்? ஏற்கெனவே நாடெங்கும் இருந்த வானிலை நிலையங்கள். காலையில் வெப்பமானியும் மழைமானியும் பார்க்கும் ஊழியர், நேற்றைய படலத்தை எடுத்து உறையிலிட்டுத் தபாலில் சேர்த்துவிட்டுப் புதியதை விரித்துவைப்பார். அந்தப் படலங்களின் எண்களையும் காற்று வரைபடங்களையும் சேர்த்துவைத்து, ஒவ்வொரு சோதனையின் மேகமும் எந்த உயரத்தில் எந்தப் பாதையில் போனது என்று மாக்டாவின் சகா ராபர்ட் லிஸ்ட் தொகுத்தார்.

1953 ஏப்ரல் 25 அன்று சைமன் என்று பெயரிட்ட குண்டு நெவாடாவில் வெடித்தது. அதன் மேகத்தின் உச்சி ஜெட் காற்றோட்டம் ஓடும் உயரத்துக்குப் போனது. மறுநாள் இரவு, நாட்டின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்தின் டிராய், ஆல்பனி நகரங்களின்மீது பேரிடியோடு மழை கொட்டியது. அடுத்த நாள் காலை டிராயில் இருக்கும் ரென்சலர் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஹெர்பர்ட் கிளார்க்கின் மாணவர்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது கைகர் கருவிகள் எல்லாம் எகிறிக் கிடந்தன. வெளியே எடுத்துப்போய்ப் பார்த்தார்கள். தரையும் கூரையும் மழைநீர்க் குட்டையும் அதைவிடச் சூடாக இருந்தன. வெடித்த இடத்திலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, இடைப்பட்ட ஊர்களில் விழாத அளவு அங்கே விழுந்திருந்தது.

டிராய் சொன்ன பாடம் மாக்டாவின் பிரிவுக்கு மிகப் பெரியது. அதுவரை தூசி என்றால் தொலைவு கூடக்கூடக் குறையும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். புகைபோக்கியின் புகைக்கு அது சரி. உயரத்தில் போகும் மேகத்துக்குத் தொலைவு ஒரு பொருட்டில்லை. கீழிருந்து வளர்ந்து அதைத் தொடும் ஒரு இடிமேகம் கிடைத்தால், இருப்பதை எல்லாம் ஒரே ஊரின் தலையில் இறக்கிவிடும். எனவே காற்றை மட்டும் பின்தொடர்ந்தால் போதாது; வழியில் மழை எங்கே பெய்யும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 1986இல் செர்னோபில் உலை எரிந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடனின் சில ஊர்களில் மண் மிக மோசமாகக் கெட்டதும் பக்கத்து ஊர்கள் தப்பியதும் இதே காரணத்தால்தான்.

1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் வெடித்த பிராவோ குண்டு பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆறு மெகாடன் அளவுக்கு எதிர்பார்த்தது பதினைந்து மெகாடனாக வெடித்தது; கிழக்கே வீசிய காற்று ரோங்கெலாப் தீவின் மக்கள்மீதும், 23 பேர் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீதும் பவளச் சாம்பலைக் கொட்டியது. படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அந்த ஏப்ரலில் நேரு நாடாளுமன்றத்தில் எல்லா நாடுகளும் சோதனைகளை நிறுத்தி வைக்கவேண்டும் என்று கேட்டார். நம் கதைக்குப் பிராவோவின் இன்னொரு பக்கம் முக்கியம். அதன் மேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரத்து எல்லையைக் கிழித்துக்கொண்டு, அதற்கும் மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் அடுக்கு மண்டலத்துக்குள் போய்விட்டது. அங்கே மேகமில்லை, மழையில்லை. தூசியைக் கீழே கழுவிக் கொண்டுவர ஒன்றுமில்லை. அப்படியானால் அங்கே போனது என்ன ஆகும்?

இந்தக் கேள்வியில்தான் மாக்டா தன் அரசின் மிக உயர்ந்த அறிவியல் குரலோடு மோதினார்.

அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினர் வில்லார்ட் லிபி. கார்பன்-14 கொண்டு பழம்பொருட்களின் வயதைக் கணிக்கும் முறையைத் தந்தவர்; அதற்காக 1960இல் நோபல் பரிசு பெற்றார். மிகப் பெரிய வேதியியலாளர். அவர் சொன்னது இது: அடுக்கு மண்டலத்துக்குப் போன தூசி அங்கே பல ஆண்டுகள், பத்து ஆண்டு வரைகூட, தங்கும். அதற்குள் உலகம் முழுவதும் சீராகக் கலந்துவிடும். பிறகு மெல்ல மெல்ல, எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கும். கடல், பாலைவனம், துருவம் எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடுவதால் மனிதர் வாழும் நிலத்துக்கு விழுவது மிகக் குறைவு. அமெரிக்க மண்ணில் கொஞ்சம் அதிகமாகத் தென்படுகிறதே என்றால், அது நெவாடா சோதனைகளின் தாழ்வான தூசி. இந்த விளக்கம் ஆணையத்துக்கு உகந்தது. நீண்ட நாள் தங்கினால் குறுகிய ஆயுள் கொண்ட தனிமங்கள் மேலேயே அழிந்துவிடும்; சீராக விழுந்தால் எந்த ஊருக்கும் தனியாக அஞ்சவேண்டியதில்லை.

மாக்டா எதிர்த்ததற்குக் காரணம் காற்றைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு செய்தி. 1949இல் ஆலன் புரூயர் என்ற பிரிட்டிஷ் வானிலையியலாளர், விமானத்தில் மேலே போய் அளந்து, இங்கிலாந்துக்கு மேலிருக்கும் அடுக்கு மண்டலக் காற்று வியக்கத்தக்க வறட்சியோடு இருப்பதைக் கண்டார். அந்த அளவு வறட்சி வேண்டுமென்றால் அந்தக் காற்று கடுங்குளிரான ஒரு வாசல் வழியாக, ஈரத்தை எல்லாம் உறைபனியாக உதிர்த்துவிட்டு, மேலே போயிருக்கவேண்டும். அவ்வளவு குளிர்ந்த வாசல் நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஓசோனை வாழ்நாள் முழுக்க அளந்த கார்டன் டாப்சனுக்கும் இதேபோன்ற ஒரு புதிர் இருந்தது: ஓசோன் அதிகம் உருவாவது வெப்பமண்டலத்தில், அதிகம் காணப்படுவதோ உயர் அட்சங்களில், அதுவும் வசந்த காலத்தில். இரண்டுக்கும் ஒரே விடை: அடுக்கு மண்டலத்துக் காற்று நடுக்கோட்டில் ஏறி, துருவங்களை நோக்கி மெல்ல நகர்ந்து, நடு அட்சங்களிலும் அதற்கு மேலும் இறங்குகிறது. அப்படியானால் தூசியும் அந்த வழியில்தான் போகவேண்டும். சீராகக் கலக்காது. வட கோளத்தில் இறங்குவது பெரும்பாலும் மிதவெப்ப வளையத்தில், வசந்தத்தில். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஜப்பானும் வட சீனமும் இருக்கும் வளையம் அது. உலகின் மக்கள் மிக அடர்த்தியாக வாழும் பகுதிகளில் ஒன்று. கோதுமை விளையும் வளையம்.

1957 கோடையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டு அணுசக்திக் குழுமுன் இருவரின் கருத்துகளும் வைக்கப்பட்டன. ஒரு வானிலைப் பணியக அதிகாரி, அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினர் தவறு என்று பொது விசாரணையில் சொல்கிறார். அவருடைய பிரிவுக்கு வேலையும் பணமும் வருவதில் அந்த ஆணையத்துக்கும் பங்குண்டு. மாக்டா கூச்சலிடவில்லை, சோதனைகளை நிறுத்தச் சொல்லிக் கொடி பிடிக்கவும் இல்லை. அவருடைய அரசியல் என்ன என்று பதிவுகளிலிருந்து கண்டுபிடிப்பதே கடினம். மண் மாதிரிகளின் அட்ச வாரியான எண்களையும், காற்றின் பாதையையும் முன்னே வைத்தார். அரசுப் பணியில் இருக்கும் ஆராய்ச்சியாளரின் நேர்மை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று.

தீர்ப்பு வானத்திலிருந்தே வந்தது. 1958இல் பசிபிக்கில் நடந்த ஹார்ட்டாக் சோதனைத் தொடரின் சில குண்டுகளில் டங்ஸ்டன்-185 பிறக்கும்படி செய்திருந்தார்கள். வேறு எந்தக் குண்டிலும் வராத தனிமம் என்பதால், எங்கே அது தென்பட்டாலும் அது ஹார்ட்டாக் தூசி என்று தெரிந்துவிடும். உயரப் பறக்கும் யூ-2 விமானங்களும் பலூன்களும் மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டு வந்தன. 11 பாகை வட அட்சத்தில் மேலே போன டங்ஸ்டன், வெகு நாள் வெப்பமண்டலத்துக்கு மேலேயே செறிந்து நின்று, இரு துருவங்களை நோக்கியும் மெல்லக் கசிந்தது. சீரான கலப்பு எங்கும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் வட துருவப் பகுதியில் வெடித்த குண்டுகளின் தூசி 1959 வசந்தத்திலேயே வட கோளத்தின்மீது பெருமளவில் இறங்கியது. பத்து ஆண்டு காத்திருக்கவில்லை. அந்த மார்ச்சில் செனட்டர் கிளின்டன் ஆண்டர்சன், பாதுகாப்புத் துறையின் கணக்கையே வெளியிட்டார்: தூசி தங்கும் காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான். விசாரணைகள் மீண்டும் கூடின. லிபியின் எண்கள் இறங்கின. பால் புட்டியில் அணுத்தூசியின் ஸ்ட்ரான்சியம்-90 இருக்கிறது என்ற செய்தி அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விட்டது. செயின்ட் லூயிஸ் நகரத் தாய்மார்கள் ஆய்வுக்காகக் குழந்தைகளின் விழுந்த பற்களை உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியம் போய் உட்காருவதால் பல்லே பதிவேடாயிற்று.

1961 செப்டம்பரில் மூன்றாண்டு இடைவேளை முடிந்து சோவியத் ஒன்றியம் மீண்டும் வெடிக்கத் தொடங்கியது, அமெரிக்காவும் தொடர்ந்தது. 1962 செப்டம்பரில், 83 வயதான ராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் ஆர்.ஆர். திவாகருடனும் பி. சிவராவுடனும் வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்தக் கோரினார். எங்கோ வெடிக்கும் குண்டுக்கு நம் ஊர்க்காரர் எதற்காக அத்தனை தூரம் போகவேண்டும் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். மாக்டாவின் வரைபடங்களைப் பார்த்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை செய்வதை விட்டன. பிரான்சும் சீனாவும் அதில் சேரவில்லை. சீனாவின் கடைசி வளிமண்டலச் சோதனை 1980இல்.

ஒப்பந்தத்துக்குப் பின் மாக்டாவின் பிரிவிடம் மிஞ்சியது விலைமதிப்பற்ற ஒரு பதிவு. குண்டுகள் காற்றில் புது கார்பன்-14ஐ உண்டாக்கியிருந்தன. 1963இல் வட கோளத்துக் காற்றில் அதன் அளவு இயற்கையான அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெடிப்பு நின்றதும் அது ஆண்டுக்கு ஆண்டு குறையத் தொடங்கியது. அழிந்து குறையவில்லை, அதன் அரை ஆயுள் 5,700 ஆண்டுக்கு மேல். கடலும் காடும் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தன. எவ்வளவு வேகத்தில் உறிஞ்சுகின்றன என்பது முதல்முறையாக அளக்கக் கூடியதாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வெளியிடும் கரியமில வாயுவில் எத்தனை பங்கு காற்றிலேயே தங்கும் என்ற கேள்விக்கு அந்த வேகம் தெரிந்தாக வேண்டும். மாக்டாவின் கவனம் அடுத்து அதன்பக்கம் திரும்பியது.

அந்த வாயுவை நேரடியாக அளக்கும் இடமும் அதற்குள் தயாராகியிருந்தது. வானிலைப் பணியகத்தின் ஆராய்ச்சித் தலைவர் ஹாரி வெக்ஸ்லரின் முயற்சியால் 1956இல் ஹவாயின் மவுனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், ஒரு ஆய்வகம் திறக்கப்பட்டது. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங்கின் கருவி அங்கே பத்து லட்சத்தில் 313 பங்கு என்ற எண்ணைப் பதிந்தது. ஆறு ஆண்டு தொடர்ந்து ஓடிய அந்தப் பதிவு, 1964 வசந்தத்தில் பணம் இல்லாமல் சில மாதம் நின்றுபோனது. அந்த வெட்டு எப்படி வந்தது, கருவி எப்படி மீண்டும் ஓடியது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)